வழிநடைத் தண்ணீர்க் கலப் பெயர்கள்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

1. முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் 1868 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அகத்தியர்கூடத்திற்கு, ஆண்டின் தொடக்க மாதங்களில் கேரள வனத்துறையின் இசைவு பெற்று மலையேறுவோர் செல்கின்றனர். போனக்காட்டில் தொடங்கும் வழி கரமனையாறு, வாழப்பீந்தியாறு, அட்டையாறு ஆகிய நீரோட்டங்களைக் கடந்து அதிருமலை முகாமை அடைகிறது. இம்மலையோடு தொன்மம் பிணைத்துள்ள அகத்தியரின் அடையாளமும் ஒரு தண்ணீர்க் கலமே. அவர்தம் கமண்டலம் கவிழ்ந்து காவிரி பிறந்ததாகக் கதை கூறும். வழிநடைக்குரிய இத்தகைய கலங்களைத் தமிழும் மலையாளமும் எவ்வெப்பண்புகளால் வேறுபடுத்திப் பெயரிட்டன என்பதையும், அவ்வேறுபாடுகள் மொழிபெயர்ப்பில் என்னவாகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் கலமும்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே நடந்து செல்வோன் சுமக்கும் நீரின் அளவை, வழியில் நீர் கிடைக்கும் இடைவெளியே தீர்மானிக்கிறது. ஓடைகள் அடுத்தடுத்து வரும் மலைக்காட்டில் முகந்து குடிக்கும் சிறு கலம் போதும். சுரைக்குடுக்கையும் மூங்கில் துண்டும் இவ்வகையின. கணுவை அடியாகக் கொண்ட மூங்கில் துண்டைத் தமிழர் ‘மூங்கிற் குழாய்’ என்பர். மலையாளிகள் ‘முளங்குற்றி’ என்பர். முன்னது உட்டுளையையும் பின்னது வெட்டிய துண்டையும் நோக்கி எழுந்த பெயர்.

வறண்ட நிலத்தில் நீரைச் சிந்தாமல் அடைத்து வைக்கும் கலம் வேண்டும். ஊர்வழிகளிலோ வழியம்பலமும் தண்ணீர்ப்பந்தலும் பயணியின் சுமையைக் குறைத்தன. ‘தண்ணீர்ப்பந்தல்’ மலையாளத்திலும் வழங்குகிறது. குடிக்கும் நீரை அன்றாடப் பேச்சில் ‘வெள்ளம்’ என்னும் அம்மொழி, இத்தகைய தொகைச்சொற்களில் ‘தண்ணீர்’ என்பதைப் போற்றி வைத்துள்ளது.

3. தொங்கும் கலம்: கரகம்

தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரியவற்றுள் கரகத்தையும் முக்கோலையும் சேர்த்துச் சொல்கிறது. கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் பாலை வழியே நடந்து வரும் அந்தணர் குடை நிழலில் செல்கின்றனர். கரகம் அவர்களிடம் உறியில் தொங்குகிறது. கையில் ஏந்தாமல் தொங்கவிட்டுச் செல்லும் ஏற்பாடே இங்குக் கருதத்தக்கது. வடமொழிக் ‘கரக’ என்பதோடு தொடர்புடைய இச்சொல் இன்று கரகாட்டத்திலும் அம்மன் வழிபாட்டிலும் வாழ்கிறது. வழிநடைப் பொருளை இழந்துவிட்டது. ஆகவே சங்கப் பாடலை மொழிபெயர்ப்பவர் இக்காலப் பொருளை உட்கொண்டு ‘பானை’ என்ற பொருளில் பெயர்த்தால், வெயிலில் நெடுந்தொலைவு நடப்பவரின் தோற்றம் சிதைந்துபோகும்.

4. அடைத்த கலம்: துருத்தி

ஆட்டுத்தோலை முழுமையாக உரித்துத் தைத்த பை ‘துருத்தி’ எனப்பட்டது. கொல்லன் உலைத்துருத்தியும் இதுவும் ஊதிப் பருத்த தோல் என்னும் ஒப்புமையால் ஒரே பெயர் பெற்றன எனக் கருதலாம். விவிலியத்தின் ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் பாலைவனத்திற்கு அனுப்பப்படும் ஆகார் எடுத்துச் சென்ற தண்ணீர்க் கலத்தைத் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிபெயர்ப்புகளும் ‘துருத்தி’ என்றே பெயர்த்துள்ளன. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் ‘பாட்டில்’ என்கிறது. அக்கால ஆங்கிலத்தில் அச்சொல் தோற்பையையும் குறித்தது. பின்னர்ப் பொருள் கண்ணாடிக் கலமாகக் குறுகவே, பிற்கால ஆங்கிலப் பதிப்புகள் ‘தோல்’ என்னும் பொருள்பட அதை மாற்றின. புது மதுவைப் பழங்கலத்தில் வார்த்தால் கலம் கிழியும் என்னும் மத்தேயு நற்செய்தியின் உவமை தோலுக்கே பொருந்தும். அங்குத் தமிழ் ‘புட்டி’ என்று பெயர்த்திருப்பின் உவமையே பொருளற்றுப் போயிருக்கும்.

5. மூக்கும் மூடியும்: கெண்டி, கூஜா

வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கம், பலர் ஒரு கலத்தைப் பகிர்ந்துகொள்ள இடந்தருவது. இதற்கேற்றது நீர்த்தாரை விழும் கலம். தமிழில் இது கெண்டி, மலையாளத்தில் கிண்டி, கன்னடத்திலும் துளுவிலும் கிண்டி (முதலெழுத்து ஒலிப்புடையது), சிங்களத்தில் கெண்டிய, மலாயில் கெண்டி. மலாய்ச் சொல்லை வடமொழிக் ‘குண்டிகா’ என்பதினின்று வருவிப்பதுண்டு. ஆயினும் முதலசையின் எகரம் தமிழ் வடிவத்தோடே நெருங்குகிறது. கடல்வழித் தொடர்பை நோக்கின் இவ்வொற்றுமை புறக்கணிக்கத்தக்கதன்று. கலத்தின் நீர் விழும் உறுப்பு தமிழர்க்கு ‘மூக்கு’; மலையாளிகட்கு ‘வால்’. எனவேதான் அவர்கள் ‘வால்க்கிண்டி’ என்கின்றனர்.

மூடியின் வரலாறு வேறு. பாரசீகக் ‘கூசா’ என்பதினின்று வந்த ‘கூஜா’, தமிழில் திருகு மூடியும் கைப்பிடியும் கொண்ட உலோகக் கலமாயிற்று. இரயில் பயணத்தில் குலுக்கலைத் தாங்கியது இதுவே. ‘திருகு செம்பு’ என்னும் பெயர் அம்மூடியையே சிறப்பித்துச் சொல்கிறது.

6. இக்கால வழக்கு

இன்று இவையனைத்தின் இடத்திலும் ‘தண்ணீர் பாட்டில்’ நிற்கிறது. மும்பையில் 1965இல் அறிமுகமான பிஸ்லெரி என்னும் வணிகப் பெயரே பலரிடம் பொதுப்பெயராயிற்று. மலையாளிகள் ‘குப்பிவெள்ளம்’ என்பர். தமிழ் வாசகர் இதனைப் பெருக்கு நீர் என மயங்க இடமுண்டு.

ஆங்கிலப் பயண நூல்களை மொழிபெயர்ப்போர்க்கு வேறு இடர்களும் உள்ளன. படைவீரர் இடுப்பில் தொங்கும் தண்ணீர்க் கலம் ஆங்கிலத்தில் ‘கேன்டீன்’; தமிழில் அது உணவகம். ‘பிளாஸ்க்’ ஆங்கிலத்தில் எவ்வகைக் குடுவையையும் குறிக்கும். தமிழிலோ ஜேம்ஸ் டூவர் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்த சூடுகாக்கும் கலத்தை மட்டுமே குறிக்கும். ஒலிபெயர்த்து விட்டுவிடின் இரண்டும் பிழைபடும்.

7. முடிவுரை

மேற்கண்ட பெயர்கள் நான்கு பண்புகளைச் சார்ந்தவை: கலம் செய்த பொருள், நீர் வெளிவரும் வாய், மூடும் முறை, சுமக்கும் முறை. அகராதிகள் பலவற்றில் ‘ஒருவகைப் பாத்திரம்’ என்றே பொருள் தரப்படுவதால் இந்நான்கும் மறைந்துபோகின்றன. இனிவரும் அகராதிகள் கலப் பெயர்களுக்கு இவற்றைக் குறித்தல் வேண்டும். கரகத்தின் உறியையும் துருத்தியின் தோலையும் அறிந்த மொழிபெயர்ப்பாளரே, நீரைச் சுமந்து நடந்தவர் அந்நிலத்தை எவ்வாறு அறிந்திருந்தார் என்பதை வாசகர்க்கு உணர்த்த இயலும்.