நெதர்லாந்துத் தெருக்களை மாற்றிய பெற்றோர்

சைக்கிள் விபத்துக்கு ஓட்டுபவரின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நெதர்லாந்தின் வரலாறு அதை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே கார்கள் பெருகின. தெருக்களும் அவற்றுக்கே ஒதுங்கி வழிவிட்டன. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் தெருவில் இறங்கினர். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு சைக்கிள்களுக்கான தனிப்பாதைகள் பக்கம் திரும்பியது. 1976-இல் குறிப்பிட்ட குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் நடைவேகத்தில்தான் செல்ல வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

சமதரை நாடு, அதனால் முடிந்தது என்பார்கள். 1960-களிலும் அதே சமதரைதான். அப்போது சைக்கிள் பயணம் சரிந்துகொண்டிருந்தது. தலைக்கவசம் போதாதா என்றால், அது விழுந்தபின் காக்கும்; மோதலைத் தடுக்காது. அங்கே பெரியவர்களில் பெரும்பாலோர் இன்றும் கவசமில்லாமலேதான் ஓட்டுகிறார்கள்.