குனோங் நுவாங்: ஒரே நாளில் ஏறி இறங்க எப்படித் திட்டமிடுவது?

"இந்த சனிக்கிழமை நுவாங் போலாமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்கிறார். பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார்கள். புரோகா குன்றில் சூரிய உதயம் பார்த்து படம் போட்டவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் இதுதான்.

ஆனால் புரோகா சுமார் 400 மீட்டர். நுவாங் 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான இடங்களில் ஒன்று. ஸ்காட்லாந்தில் இருக்கும் பென் நெவிஸ்தான் பிரிட்டனிலேயே உயரமான மலை. அதுவே 1,345 மீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து காரில் போய்விடும் தூரத்தில் இருப்பதால் நாம் நுவாங்கை லேசாக எடுத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

உலு லங்காட்டில் உள்ள பங்சுன் வழியாகத்தான் பலரும் ஏறுகிறார்கள். (பகாங் பக்கம் ஜண்டா பாயிக்கிலிருந்தும் ஒரு வழி உண்டு.) முதல் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு ஜீப் போகும் மண்பாதை. 'முடிவில்லாத சாலை' என்று மலையேறிகள் இதைக் கேலி செய்வார்கள். காலையில் அந்தப் பெயர் சிரிப்பாக இருக்கும், மாலையில் களைத்துப்போய் அதே பாதையில் திரும்பும்போது சிரிப்பு வராது. அது முடியும் இடம் கேம் லோலோ. அங்கிருந்து வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான பாதையில் கேம் பாச்சாட் வரும். பாச்சாட் என்றால் அட்டை, காரணப் பெயர்தான். அதற்கு மேலே புஞ்சாக் பெங்காசே. உச்சி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள், வந்திருக்காது. கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறினால்தான் நுவாங்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நுவாங் போய்வர சுமார் 20 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். கணக்குப்படி நான்கும் இரண்டும் ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரத்தை நம்பிப் போகாதீர்கள். நைஸ்மித் கணக்கில் ஓய்வு இல்லை, செல்ஃபி இல்லை. நம்ம ஊர் வெக்கை, சேறு, வேர் எதுவும் இல்லை. முதல் முறை போகிறவர்கள் 10 முதல் 12 மணி நேரம் ஒதுக்குவது நல்லது. குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம்தான்.

இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டும். ஆகவே காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால், பிற்பகல் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். பெங்காசேயில் நின்றுகொண்டு உச்சியைப் பார்த்தாலும் சரி. இந்த நேரத்தை மேலே போய் முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லாரும் "இன்னும் கொஞ்சம்தான்" என்பார்கள். முந்தின இரவே குழுவில் எழுதி, எல்லாரையும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

மழை வந்தால்?

சீக்கிரம் திரும்பச் சொல்வதற்கு இருட்டு மட்டும் காரணமல்ல. பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது இங்கே வழக்கம். முகட்டில் நிற்கும்போது மின்னல் ஆபத்து, கீழே ஆறு ஆபத்து. மேலே கொட்டும் மழை திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வருவதை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலே அடித்தாலும் அது வரும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் நீர் வடியும் வரை காத்திருங்கள். தாமதமானால் வீட்டில் திட்டுத்தான் விழும். புறப்படும் முன் வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். இது வனக் காப்பகம். சிலாங்கூர் வனத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், பாதை திறந்திருக்கிறதா, மலை வழிகாட்டி கட்டாயமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் நுழைவது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை வரை போகலாம். கட்டாயம் இல்லையென்றாலும், முதல் முறை என்றால் வழிகாட்டியோடு போவதே மேல்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ புறப்படுகிறவர்கள் கார் பகிர்ந்துகொள்ளுங்கள். எம்ஆர்டியில் பத்து 11 செராஸ் வரை போய் அங்கிருந்து கிராப் பிடிக்கலாம்தான், ஆனால் முதல் ரயிலில் ஏறினாலும் 7 மணிக்குத் தொடங்குவது கஷ்டம். திரும்பும்போது பங்சுனுக்கு கிராப் வருமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பையில் என்ன?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். லோலோவைத் தாண்டினால் வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம். காலையில் வாங்கிய நாசி லெமாக்கை மதியத்துக்கு வைத்திருக்காதீர்கள், தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு இந்த வெக்கையில் கெட்டுவிடும். ரொட்டி, பேரீச்சம்பழம், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் போதும். தலையில் மாட்டும் டார்ச் லைட், மழை அங்கி, விசில், பவர் பேங்க் ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

காலணிக்கு 500 ரிங்கிட் செலவழிக்க வேண்டியதில்லை. 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி சேற்றில் நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என்றால் அவர்களுக்கு இதைத் தெரிந்திருக்கும். அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்து, காயத்தை அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் சற்று நேரம் கசியும்.

வழி தவறினால்?

நில்லுங்கள். குறுக்கு வழி தேடி ஓடையோடு இறங்காதீர்கள். பள்ளத்தில் சிக்னல் கிடைப்பதும் கஷ்டம், தேடி வருபவர்களுக்கு உங்களைக் காண்பதும் கஷ்டம். கடைசியாகப் பாதை தெளிவாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்ப முடிந்தால் திரும்புங்கள். முடியாவிட்டால் ஒரே இடத்தில் இருந்து 999-க்கு அழையுங்கள், விசில் ஊதுங்கள்.

இன்னொன்று. அம்மாவிடம் "ஃபிரெண்ட்ஸோட வெளியே போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த மலை, எந்த வழி, யார் யார், கார் எண் என்ன என்பதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே, இரவு 8 மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் 999-க்கு அழைக்கும்படி அதே செய்தியில் எழுதுங்கள்.