14 கோர், 28 த்ரெட், விலையும் கம்மி... சர்வர் பிராசஸர் போட்ட கம்ப்யூட்டரை வீட்டுக்கு வாங்கலாமா?

ரிச்சி தெருவோ, ஆன்லைனோ, புதுசா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம்னு விலை விசாரித்தால் சில நேரம் இரண்டு கொட்டேஷன் கைக்கு வரும். ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-12400, 6 கோர், 12 த்ரெட். இன்னொன்றில் ஜியான் இ5-2680 வி4, 14 கோர், 28 த்ரெட். இரண்டாவதில் ரேமும் அதிகம், விலையும் குறைவு.

"டபுளுக்கு மேல கோர் இருக்கு, அப்புறம் என்ன யோசனை?" என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்யாண வீடியோ எடிட் பண்ணுபவர்கள், கல்லூரி மாணவர்கள், கேமிங் ஆசையில் இருப்பவர்கள் என்று பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். டெஸ்க்டாப் பிராசஸருக்கும் சர்வர் பிராசஸருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ஜியான் எங்கிருந்து வருகிறது?

சர்வர், வொர்க்ஸ்டேஷன் போன்ற பெரிய வேலைகளுக்காக இன்டெல் 1998 முதல் விற்று வரும் பிராசஸர் வரிசைதான் ஜியான். ஏஎம்டி நிறுவனத்தில் அதற்குப் போட்டியாக 2017-ல் வந்தது எபிக். நம்ம கொட்டேஷனில் இருக்கும் இ5-2680 வி4, 2016-ல் வெளியானது. அப்போது அதன் பட்டியல் விலை 1,745 டாலர்.

டேட்டா சென்டர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மொத்தமாக மாற்றுவார்கள். கழற்றிப் போட்ட சிப்கள் பழைய பொருள் சந்தைக்கு வரும். அவற்றைப் பொருத்துவதற்கென்றே 'எக்ஸ்99' என்ற பெயரில் மலிவான சீன மதர்போர்டுகள் கிடைக்கின்றன. ஆக, சிப் போலி கிடையாது. ஒரு காலத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற சரக்குதான். ஆனால் அது செய்யப் பிறந்த வேலை வேறு.

14 பேர் சேர்ந்து ஒரு தோசை சுட முடியுமா?

கல்யாண மண்டபத்து சமையல் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 14 பேர் வேலை செய்தால் ஆயிரம் பேருக்குப் பந்தி போடலாம். ஆனால் உங்களுக்கு அவசரமாக ஒரே ஒரு தோசை வேண்டும் என்றால்? அதை ஒருத்தர்தான் சுட முடியும். மீதி 13 பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அந்த ஒருத்தர் எவ்வளவு வேகமானவர் என்பதுதான் அங்கே கணக்கு.

வீட்டு கம்ப்யூட்டர் வேலைகளில் பெரும்பகுதி இந்த ஒற்றைத் தோசை ரகம். பிரவுசர் திறப்பது, டேலி, எக்செல், பெரும்பாலான கேம்கள் எல்லாமே ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. இ5-2680 வி4 அதிகபட்சம் தொடுவது 3.3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-12400 தொடுவது 4.4 கிகாஹெர்ட்ஸ். அதோடு இரண்டுக்கும் நடுவில் 6 ஆண்டு இடைவெளி. ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டாலும் புதிய கோர் ஒரு நொடியில் கூடுதல் வேலையை முடித்துவிடும்.

அப்போ 28 த்ரெட் வீணா? வீண் இல்லை. 3டி ரெண்டரிங், பெரிய சாஃப்ட்வேர் கம்பைல், ஒரே நேரத்தில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது போன்ற பந்தி வேலைகளில் அந்தப் பழைய ஜியான் இன்றைக்கும் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வீடியோ எடிட்டர்கள் இதைக் கவனிங்க

எடிட்டிங்னா கோர் நிறைய வேணும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. இப்போது பல போன்களில் 'எச்.265' முறையில் சுருக்கி வீடியோ பதிவாகிறது. டைம்லைனில் அதை ஓட்டிப் பார்க்க, ஒவ்வொரு பிரேமையும் அந்த நொடியே விரிக்க வேண்டும். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் சிப்களில் கிராபிக்ஸோடு சேர்ந்து 'குவிக் சிங்க்' என்ற தனிப் பகுதி இருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்தது அது.

ஜியான் இ5-ல் கிராபிக்ஸே கிடையாது. அதனால் குவிக் சிங்க்கும் கிடையாது. மானிட்டரில் படம் தெரியவே தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா, எந்தக் காலத்து கார்டு என்று பாருங்கள். ரொம்பப் பழைய கார்டாக இருந்தால் எச்.265 வேலை மொத்தமும் பிராசஸர் தலையில்தான் விழும். (ஐ5-12400எஃப் என்று கடைசியில் 'எஃப்' இருந்தால் அதிலும் கிராபிக்ஸ் இல்லை. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் நிறைய.)

ஒரு பிட் மாறினால் 4,096 ஓட்டு!

இனி சர்வர் பிராசஸரின் உண்மையான பெருமைக்கு வருவோம். அது கோர் எண்ணிக்கை இல்லை, ஈசிசி ரேம்.

2003 மே மாதம் பெல்ஜியத்தில் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் பகுதியில் உள்ள ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு முறையில் வாக்குகளை எண்ணியபோது, ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவுக்கு வாக்குகள் காட்டியது. மறுபடி எண்ணிப் பார்த்தால் சரியாக 4,096 வாக்குகள் கூடுதல். 4,096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கினால் வரும் எண். அதாவது, நினைவகத்தில் ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறியிருந்தால் இந்த வித்தியாசம் வரும். மென்பொருளைச் சோதித்தும் தவறு எதுவும் பிடிபடாததால், ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நிபுணர்கள் வந்தார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புரியும். 'மனம்' என்று எழுதியதில் ஓர் எழுத்து மாறி 'மணம்' ஆனால் வாக்கியமே வேறு. அதைப் பிடிக்க ஒரு மெய்ப்பு பார்ப்பவர் வேண்டும். ஈசிசி செய்வது அந்த வேலைதான். டிடிஆர்4 ஈசிசி ரேமில் ஒவ்வொரு 64 பிட் தகவலோடும் 8 பிட் சரிபார்ப்புக் குறியீடு சேர்ந்து பதிவாகும். ஒரு பிட் மாறினால் தானே திருத்திவிடும். இரண்டு பிட் மாறினால், தப்பு நடந்திருக்கிறது என்று சொல்லிவிடும். சாதாரண ரேமில் இரண்டும் நடக்காது. தப்பான எண் சத்தமில்லாமல் ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதெல்லாம் கோடியில் ஒன்று என்று ஒதுக்கவும் முடியாது. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மெஷின்களில் குறைந்தது ஒரு ரேம் பிழையாவது பதிவாகியிருந்தது. மருத்துவமனை பதிவுகள், பேங்க் கணக்கு, ஆபீஸ் டேட்டாபேஸ் என்று 24 மணி நேரமும் ஓடும் இடத்தில் ஈசிசி இல்லாமல் இருப்பது தைரியம் இல்லை, அசட்டுத்தனம். கேம் விளையாடும் மெஷினுக்கு? ஒரு பிரேமில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. "டிடிஆர்5 ரேம் எல்லாத்துலயும் ஈசிசி இருக்கு சார்" என்று கடையில் சொல்வார்கள். டிடிஆர்5-ல் இருப்பது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். ரேமில் இருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நடக்கும் பிழையை அது காப்பாற்றாது. முழு ஈசிசி வேண்டுமானால் அதற்கென உள்ள ரேம், அதை ஏற்கும் பிராசஸர், மதர்போர்டு மூன்றுமே வேண்டும்.

புது சர்வர் சிப் வாங்கினால்?

பழையதுதான் பிரச்னை, புதுசு வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டால், அதுக்கும் இந்தக் கணக்கைப் பாருங்க. ஏஎம்டி 2022-ல் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர், அதிகபட்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 699 டாலர். அதே ஆண்டு, அதே தலைமுறையில் வந்த எபிக் 9654 சிப்பில் 96 கோர். வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ்தான். விலை 11,805 டாலர்!

அந்தக் காசு எதற்கு? ரேம் பாதைகள் டெஸ்க்டாப்பில் 2, எபிக்கில் 12. கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி இணைக்கும் பிசிஐஇ பாதைகள் டெஸ்க்டாப்பில் 28, எபிக்கில் 128. ஒரே போர்டில் இரண்டு சிப் போடலாம். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்து மோதும் இடத்துக்கு இது தேவை. ஒருத்தர் உட்கார்ந்து வேலை செய்யும் மேஜைக்கு இல்லை.

நடுவில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏஎம்டி 2024-ல் விட்ட எபிக் 4004 வரிசை, டெஸ்க்டாப் ரைசன் பொருந்தும் அதே ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும், ஈசிசியும் உண்டு. இன்டெல்லில் டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டு வாங்கினால் 12-ம் தலைமுறைக்குப் பிந்தைய பல கோர் சிப்களிலேயே ஈசிசி ரேம் போடலாம். பத்துப் பேர் இருக்கும் ஆபீஸுக்கு, என்னைக் கேட்டால், இந்த ரகமே போதும்.

கொட்டேஷனில் வராத செலவுகள்

கரன்ட் பில் பற்றி யூடியூப் வீடியோக்களில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஜியானுக்கு 120 வாட், ஐ5-க்கு 65 வாட் என்று போட்டிருப்பது உண்மை. ஆனால் 65 என்பது அடிப்படை அளவு. முழு வேகத்தில் அந்த ஐ5 117 வாட் வரை போகும். வித்தியாசம் 55 வாட் என்றே வைத்துக்கொண்டாலும், தினம் 8 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 26.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம்ம ஊர் பில்லில் இது பெரிய இடி இல்லை. ஆனால் ஜியானோடு கட்டாயம் வரும் கிராபிக்ஸ் கார்டின் கரன்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி விண்டோஸ். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிராசஸர் பட்டியலில் இந்த இ5 வி4 இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

அடுத்தது ரேம். இந்த போர்டுகளில் பெரும்பாலும் போட்டுத் தருவது சர்வரில் இருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ரேம். அதனால்தான் 32 ஜிபி அவ்வளவு மலிவு. நாளைக்கு வேறு டெஸ்க்டாப் போர்டுக்கு மாறினால் அந்த ரேம் வேலை செய்யாது. போர்டு போனால் அதே ரக போர்டைத்தான் தேட வேண்டும். வாரன்ட்டி யார் தருகிறார்கள், எத்தனை மாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குவது முக்கியம்.

புதுசு என்றாலே கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆனது 2024-ல் பெரிய பிரச்னையானது. இன்டெல் திருத்தம் வெளியிட்டு, வாரன்ட்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறை சிப் வாங்கினால் பயாஸ் அப்டேட் செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே ஜியான் வாங்கியாச்சா?

வருத்தப்பட வேண்டாம். அதில் லினக்ஸ் ஏற்றினால் விண்டோஸ் பட்டியல் பிரச்னையே இல்லை. வீட்டு போட்டோ, வீடியோ பேக்கப், புரோகிராமிங் பழக நாலு விர்ச்சுவல் மெஷின், பிளெண்டர் ரெண்டரிங் என்று அதற்குப் பிடித்த வேலையைக் கொடுங்கள். போட்டிருப்பது ஈசிசி ரேமாக இருந்தால், அது உண்மையிலேயே இயங்குகிறதா என்று லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'டிஎம்ஐடிகோட்' கட்டளை மூலம் பார்க்கலாம். 'எரர் கரெக்‌ஷன்' என்ற வரிக்கு நேராக 'நன்' என்று வந்தால், ரேம் ஈசிசி ஆனாலும் போர்டு அதைப் பயன்படுத்தவில்லை.