தலைநகருக்கு ரயில், துறைமுகத்துக்கு ஓடம்: செங்கல்பட்டுச் சந்திப்பு உருவான வரலாறு

ஊரப்பாக்கத்தில் தெற்கே போகும் மின்சார ரயிலில் ஏறுகிறவருக்கு, அது காஞ்சிபுரம் அல்லது திருமால்பூர் வரை போகும் வண்டியாக வாய்த்தால், மாறி ஏறும் வேலையே இல்லை. பல்லவரின் தலைநகரில் போய் இறங்கலாம். அந்தப் பல்லவரின் துறைமுகமான மாமல்லபுரத்துக்கு அப்படிப் போக முடியாது. செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில்தான் போக வேண்டும். ஒரே அரசின் இரு கண்களாக இருந்த நகரங்களில் ஒன்றுக்குத் தண்டவாளம் கிடைத்தது. மற்றதற்குக் கிடைக்கவே இல்லை. இந்த வேறுபாடு 1856-க்கும் 1880-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் விளைந்தது. அது எப்படி விளைந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

காஞ்சியும் மாமல்லையும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குக் கட்டடங்களே சான்று. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராஜசிம்மன்தான் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். அவனுக்கு முன் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் (630–668) இலங்கை இளவரசன் மானவர்மனுக்காகக் கடல் கடந்து படை அனுப்பியதை மகாவம்சம் கூறுகிறது. திருமங்கையாழ்வார் கடல்மல்லையில் (மாமல்லபுரத்தில்) செல்வம் சுமந்த கலங்கள் நின்றதைப் பாடுகிறார். உள்நாட்டுத் தலைநகரும் கடற்கரைப் பட்டினமும் சேர்ந்தே ஓர் அரசை நடத்திய அமைப்பு இது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 65 கி.மீ.தான். செங்கல்பட்டு அந்த வழியின் நடுவே இருக்கிறது.

ரயில் வந்தபோது இந்தப் பழைய உறவு யாருடைய கணக்கிலும் இல்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மெட்ராஸ் ரயில்வேயின் முதல் வண்டி ஓடியது. மேற்குக் கரைக்குப் போகும் நெடும்பாதையின் முதல் துண்டு அது. அரக்கோணம் அந்தப் பாதையில் விழுந்தது. காஞ்சிபுரம் தெற்கே ஒதுங்கிவிட்டது. பட்டு நெசவும் கோயில் திருவிழாக்களும் ஆண்டு முழுவதும் கூட்டம் சேர்க்கும் ஊரை நெடுநாள் ஒதுக்கி வைக்க முடியாது. 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சுமார் 30 கி.மீ. நீளத்தில் ஒரு பாதையைத் திறந்தது. தண்டவாளங்களுக்கிடையே 3 அடி 6 அங்குலம்தான். மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதையோ 5 அடி 6 அங்குலம். ஆகவே அரக்கோணத்தில் ஒவ்வொரு மூட்டையும் வண்டி மாற்றி ஏற்றப்பட வேண்டியிருந்தது. குறைந்த செலவில் கிளைப்பாதை போட்டுப் பார்க்கும் முயற்சியாகவே நான் இதைக் கருதுகிறேன். கம்பெனி பின்னர் கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1874-இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர்–திருச்சிப் பாதையை நடத்திவந்த கிரேட் சதர்ன் கம்பெனியுடன் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது.

அந்த இணைப்புதான் செங்கல்பட்டின் தலையெழுத்தை மாற்றியது. காவிரிக் கரையில் ஓடிய பாதையும் காஞ்சியில் நின்ற பாதையும் ஒரே கம்பெனியின் கைக்கு வந்தபின், சென்னையிலிருந்து நேராகத் தெற்கே போகும் பாதை தேவைப்பட்டது. 1870-களில் அரசு செலவைக் குறைக்க மீட்டர் கேஜைத் தேர்ந்துகொண்டிருந்தது. தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வழியாக 1876-இல் செங்கல்பட்டு வரை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியே தஞ்சையைத் தொட்டது. காஞ்சிப் பாதையும் 1878-இல் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் அது வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு நீட்டப்பட்டதும் செங்கல்பட்டு சந்திப்பு நிலையமானது.

இந்தக் கிளைப்பாதை எவ்வளவு வரலாற்றைக் கடந்து போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. செங்கல்பட்டைத் தாண்டினால் பாலூர், அடுத்து பழையசீவரம். பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் (மருத்துவமனை), அதில் பணிபுரிந்த மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான ஊதியத்தையும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் அது பட்டியலிடுகிறது. காஞ்சியைத் தாண்டி அரக்கோணத்துக்குச் சற்று முன்னால் தக்கோலம். 949-இல் இராஷ்டிரகூடரோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே மடிந்த களம் அதுதான். ஏறக்குறைய 60 கி.மீ. தூரத்துக்குள் இவ்வளவையும் தொட்டுச் செல்லும் பாதைகள் தமிழகத்தில் மிகச் சில. அதைப் பார்க்கவென்று வருகிற பயணி மட்டும் அரிது.

சரி, மாமல்லபுரம் ஏன் விடுபட்டது? முதற்காரணம், 19-ஆம் நூற்றாண்டில் அது துறைமுகமாக இல்லை. கற்கோயில்களைக் கொண்ட சிற்றூர். ஏற்றுமதிச் சரக்கு கிடையாது. அதைவிட முக்கியமானது இரண்டாவது காரணம் என்று எண்ணுகிறேன். அந்தக் கரைக்கு ஏற்கெனவே வேறொரு பாதை கிடைத்திருந்தது. 1806-இல் வணிகர் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் படிப்படியாக வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் வாடிய கூலிகள் மண் சுமந்து உருவாக்கிய அந்தக் கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வந்தது. தெற்கே மரக்காணம் வரை சென்ற அந்நீர்வழி மாமல்லபுரத்தின் மேற்குப் புறத்தைத் தொட்டது. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பும் சவுக்கு விறகும் ஓடங்களில் சென்னைக்குப் போயின. சிற்பங்களைக் காணச் சென்ற வெள்ளைக்காரர்களும் சென்னையில் மாலை ஓடமேறி, இரவெல்லாம் படுத்துறங்கி, விடியலில் மாமல்லபுரத்தில் இறங்கினர். உப்புக்கும் விறகுக்கும் ஓடமே மலிவாக இருக்கையில், அங்கே ரயில் போட எந்தக் கம்பெனிக்கும் காரணம் இருக்கவில்லை.

இத்தாலியை ஒப்பிட்டால் இந்த முடிவின் தன்மை விளங்கும். அங்கே முதல் ரயில் 1839-இல் நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சிக்கு ஓடியது. டஸ்கனியில் அதன் ஆட்சியாளர் இரண்டாம் லியோபோல்டின் பெயர் தாங்கிய பாதை லிவோர்னோ–பீசா பகுதியை 1844-இல் திறந்து, 1848-இல் பிளாரன்ஸ் வரை எட்டியது. தலைநகர் பிளாரன்ஸும் பழைய பட்டினமான பீசாவும் துறைமுகமான லிவோர்னோவும் ஒரே கோட்டில் வந்தன. லிவோர்னோ அப்போது உயிருள்ள துறைமுகம், மாமல்லபுரம் அப்படியில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் டஸ்கனிப் பாதையை முடிவுசெய்தது உள்ளூர் அரசு. தன் நகரங்களை ஒன்றோடொன்று கட்டுவதில் அதற்கு ஆர்வம் இருந்தது. நம் பாதைகளைத் தீட்டியவர்களுக்குச் சென்னை ஒன்றே மையம். எல்லா ஊரும் சென்னையோடு இணைந்தால் போதும், தமக்குள் இணைய வேண்டியதில்லை.

பிற்கால மாற்றங்களும் இந்த வரைபடத்தை மாற்றவில்லை. 1931-இல் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. பின்னர் செங்கல்பட்டு வரையும் மின்மயமானது. 1990-களின் இறுதியை ஒட்டித் தென்பாதையும் காஞ்சிக் கிளையும் அகலப்பாதையாயின. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் சென்னையிலிருந்து விடைபெற்றது. கால்வாயோ 1960-களின் புயல்களிலும் பராமரிப்பின்மையிலும் தூர்ந்து, போக்குவரத்தை இழந்தது. மாமல்லபுரச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, அவற்றை ஓடத்தாலும் அடைய முடியவில்லை, ரயிலாலும் அடைய முடியவில்லை. சாலை மட்டுமே அந்த இடத்தை நிரப்பியது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குச் சுமார் 179 கி.மீ. புதிய பாதை 2008–09-இல் ஒப்புதல் பெற்றது. தண்டவாளம் இன்னும் விழவில்லை. விழ வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அது கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும். மாமல்லபுரத்தைச் சென்னையோடு இணைக்கும், காஞ்சியோடு இணைக்காது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சுமார் 30 கி.மீ. கிளை ஒன்று போட்டால், அரக்கோணத்தில் ஏறுகிறவர் தக்கோலம், காஞ்சி, பழையசீவரம் எல்லாம் பார்த்துக்கொண்டே கடற்கரைக் கோயில் வரை தண்டவாளத்திலேயே வரலாம். திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் அளந்து பார்க்க வேண்டிய துண்டு அதுதான்.