காப்புநகலை மீட்கும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று வருவது ஏன்?

ஜார்ஜ்டவுன் ஆலயம் ஒன்று உபயக்காரர்களின் பெயர், தொலைபேசி எண், செலுத்திய தொகை ஆகியவற்றை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். தைப்பூசம் நெருங்கும் வேளையில் கணினி பழுதாகிறது. காப்புநகலைப் புதிய கணினியில் ஏற்றினால், ‘ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழைச் செய்தி வரிசையாக வருகிறது. நகல் கெட்டுவிட்டதாக நினைத்துப் பதற வேண்டியதில்லை. ஏற்றிய இடம் காலியாக இருந்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மாதிரித் தரவுத்தளம்

போஸ்ட்கிரெஸ், புதிய தரவுத்தளம் எதையும் வெறுமையிலிருந்து உருவாக்குவதில்லை. ‘டெம்ப்ளேட்1’ என்ற மாதிரியை அப்படியே படியெடுக்கிறது. கணினியை அமைத்தவர் பரிசோதனைக்காகவோ தவறுதலாகவோ அந்த மாதிரிக்குள் ஓர் அட்டவணையை உருவாக்கியிருந்தால், அதன்பின் உருவாகும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அது இருக்கும். முன்பே உருவானவற்றை அது பாதிக்காது.

என்ன பாதிப்பு?

காப்புநகல் என்பது அட்டவணைகளை உருவாக்கி, பதிவுகளை நிரப்பும் கட்டளைகளின் தொகுப்பு. அதே பெயரில் அட்டவணை இருந்தால் உருவாக்கும் கட்டளை தோற்கும். ஆனால் மீட்பு நிற்காமல் தொடரும். இருக்கும் அட்டவணை அதே அமைப்பில் காலியாக இருந்தால் பதிவுகள் சரியாக ஏறிவிடும். அதில் பரிசோதனைப் பதிவு ஒன்று இருந்து, அதன் உறுப்பினர் எண் நகலில் உள்ள எண்ணோடு மோதினால், அந்த அட்டவணையின் பதிவுகள் ஒன்றுகூட ஏறாமல் போகலாம். எண் மோதலைத் தடுக்கும் விதி அட்டவணையில் இல்லாவிட்டால், பரிசோதனைப் பெயர்களும் உண்மையான பெயர்களும் கலந்துவிடும்.

செய்ய வேண்டியவை

• மீட்புக்கான தரவுத்தளத்தை ‘டெம்ப்ளேட்0’-இலிருந்து உருவாக்க வேண்டும். யாரும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டிய தூய மாதிரி இது.

• தமிழ்ப் பெயர்கள் இருந்தால் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். டெம்ப்ளேட்1 வேறு குறியாக்கத்தில் இருந்தாலும், டெம்ப்ளேட்0-ஐக் கொண்டு யூடிஎஃப்-8 தரவுத்தளம் உருவாக்கலாம்.

• முதல் பிழையிலேயே மீட்பு நிற்கும்படி அமைக்க வேண்டும்.

• தனித் தரவுத்தளத்தை நகலெடுக்கும் ‘பிஜி டம்ப்’, பயனர் கணக்குகளைச் சேர்க்காது. அவற்றை ‘பிஜி டம்ப்ஆல்’ கொண்டு தனியாக எடுக்க வேண்டும்.

• மீட்டபின் பதிவுகளின் எண்ணிக்கையைப் பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

திருவிழா நெருக்கத்தில் இதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அமைதியான மாதம் ஒன்றில் வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.