பம்பாய் மாநகரும் வீட்டு விலையும் — ஒரு வரலாற்று நோக்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று தொடக்கப் பள்ளியிலேயே நாம் கற்பிக்கின்றோம். முதல் இரண்டையும் உழைத்துப் பெற்றுவிட்ட ஒருவன், மூன்றாவதை வாழ்நாள் முழுதும் உழைத்தும் பெற இயலாத ஊர்கள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று, 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என வழங்கப்பெறும் பம்பாய் மாநகரம்.

நெல்லைச் சீமையில் நம் தெருக்களிலிருந்து பம்பாய்க்கு ஆள் போகாத வீடு அரிது. என் தாய்மாமன் ஒருவரும் அவ்வாறு சென்று தாராவியில் குடியேறியவர். 1986-ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த விடுமுறையில் அவரைக் காணச் சென்றேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் ஒன்பது பேர். பகலில் வேலைக்குச் செல்வோர் இரவிலும், இரவில் வேலைக்குச் செல்வோர் பகலிலும் அதே பாயில் உறங்கினர். அவ்வறைக்கு அவர் கொடுத்த தொகையைக் கொண்டு எங்கள் ஊரில் நன்செய் நிலமே வாங்கியிருக்கலாம் என்று என் தாயார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

“ஏன் மாமா இவ்வளவு விலை?” என்று கேட்டேன். “இது தீவு, மருமகனே! சுற்றிலும் கடல். ஆள் பெருகுகிறான், மண் பெருகவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?” என்றார்.

அந்த விடையை நெடுங்காலம் நான் நம்பியிருந்தேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனான பின்னரே அது பாதி உண்மை என அறிந்தேன். மறுபாதியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்துப் பவுன் தீவு

பம்பாய் முதலில் ஒரு தீவு அன்று, ஏழு தீவுகள். அவற்றினிடையே கடல்நீர் ஏறி இறங்கும். 1662-ஆம் ஆண்டில் போர்த்துகீசிய இளவரசி கேதரினை மணந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு இத்தீவு சீதனமாக வந்தது. அவர் 1668-ஆம் ஆண்டில் இதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு விட்டார். பின்னாளில் ஓர் அறைக்கும் போதாத தொகைக்கு அன்று ஊரே கைமாறியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநர் ஹார்ன்பி காலத்தில் கடல் புகும் பெருவாய் கல்லணையால் அடைக்கப்பட்டது. அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாகக் குன்றுகளை உடைத்தும் மண் சுமந்தும் சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டன. ஏழு தீவுகள் ஒன்றாயின. ஆகவே, மண் பெருகவில்லை என்பது சரியன்று. பம்பாயில் மண் பெருகியது. கூலியாட்களின் தலைச்சுமையால் பெருகியது. அம்மண் யாருக்கு உரியதாயிற்று என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

1853-ஆம் ஆண்டில் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு இரயில் ஓடியது. 1856-இல் முதற்பஞ்சாலை இயங்கத் தொடங்கியது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்படவே, பம்பாய்ப் பஞ்சுக்குப் பொன் விலை கிடைத்தது. குவிந்த பணம் மனை வாணிகத்தில் பாய்ந்தது. கடலைத் தூர்ப்பதற்கென்று நிறுவப்பட்ட கம்பெனிகளின் பங்குகள் பல மடங்கு விலை ஏறின. இன்னும் நீருக்கடியில் கிடந்த நிலத்துக்குக் கரையில் விலை பேசினர்! 1865-இல் போர் முடிந்ததும் அப்பங்குகள் வெறும் தாள்களாயின. செல்வர் பலர் ஒரே ஆண்டில் கடனாளிகளாயினர். குடியிருக்கும் பொருட்டன்றி விற்கும் பொருட்டே நிலத்தை வாங்கும் வழக்கம் அந்நகரில் அத்துணைப் பழமையானது.

கொள்ளைநோயும் அறைகளும்

ஆலைகள் பெருகவே கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அவர்களுக்கென எழுந்தவையே ‘சால்’ எனப்படும் அடுக்கு வரிசை வீடுகள்: நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பிடம், பொதுக் குழாய்.

1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கியது. நெருக்கமே நோய்க்குக் காரணம் எனக் கருதிய அரசு, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர மேம்பாட்டு அறநிலையத்தை நிறுவியது. அது நெருக்கமான குடியிருப்புகளை இடித்தது; அகன்ற சாலைகளை அமைத்தது; தாதர், மாதுங்கா பகுதிகளில் புதிய மனைகளைத் திறந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இடித்த அறைகளே மிகுதி. ஏழைகளுக்குக் கட்டிய அறைகள் குறைவு. வெளியேற்றப்பட்டோர் அடுத்த தெருவில் இன்னும் கூடுதலான வாடகைக்கு இன்னும் நெருக்கமாக வாழ்ந்தனர். நோய்க்குக் கண்ட மருந்தே விலையேற்றத்துக்கு வித்தாயிற்று.

இங்கு அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை நினைத்தல் வேண்டும். பம்பாய்க்கு வந்த புதிதில் அவர் குடும்பம் பரேல் பகுதியில் ஒரு சாலின் ஒற்றை அறையில் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் அதற்குள்தான். மகன் முன்னிரவில் உறங்குவார்; தந்தையார் இராம்ஜி விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டு அதன் பின்னரே படுப்பார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னர் அக்குடும்பம் பரேலில் மேம்பாட்டு அறநிலையம் கட்டிய சாலின் இரண்டாம் மாடிக்குக் குடிபெயர்ந்தது. உலகம் போற்றும் பட்டங்களைப் பெற்றுத் திரும்பிய பின்னரும் ஏறத்தாழ 1934 வரை அண்ணல் அங்கேயே வாழ்ந்தார்.

வாடகைப் பணம் கையில் இருந்தாலும் நமக்கு வீடு கிடைத்துவிடுவதில்லை என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. 1917-இல் பரோடாவில் அரசுப் பணியில் சேர்ந்த அவருக்கு எந்த விடுதியும் இடம் தரவில்லை. பெயரை மறைத்துப் பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்கினார். சில நாள்களில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. ஆகவே வீட்டுக்கு நம் மக்கள் இரு விலை கொடுக்க நேர்ந்தது: ஒன்று பணம், மற்றொன்று சாதி. முன்னதைச் சேர்த்துவிடலாம், பின்னதைச் சேர்த்து முடிக்க இயலாது. 1930-களில் தாதரில் தம் நூல்களை வைப்பதற்கென்றே இடம் வகுத்து, ‘இராஜகிருகம்’ என்னும் சொந்த இல்லத்தை அவர் எழுப்பியதன் பொருளை இதனோடு சேர்த்து உணர்தல் வேண்டும்.

வாடகைச் சட்டமும் ‘பக்டி’யும்

1920-ஆம் ஆண்டில் பம்பாய் வளர்ச்சித் துறை தோன்றியது. தொழிலாளருக்கு 50,000 அறைகள் கட்டுவதாக அது திட்டமிட்டது. கட்டியவை 207 கட்டடங்களில் ஏறத்தாழ 16,000 அறைகளே. அறையின் பரப்பு 160 சதுர அடி. தொழிலாளர் கொடுக்க இயலாத வாடகையினாலும், காற்றோட்டமற்ற அமைப்பினாலும் அவற்றுள் பெரும்பகுதி பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது. ஒருபுறம் அறையில்லா மக்கள்; மறுபுறம் ஆளில்லா அறைகள். இந்த முரண்பாடு இக்கதையில் மீண்டும் வரும்.

1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த அளவில் நிறுத்தியது. குடியிருந்தோரை அது காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாடகை பல பத்தாண்டுகள் ஏறாமல் நிற்கவே, உரிமையாளர் பழுது பார்ப்பதை நிறுத்தினர். வாடகைக்கென்று புதிய வீடு கட்டுவோரும் அருகினர். மழைக்காலந்தோறும் பழைய கட்டடங்கள் இடிந்து உயிர்கள் மாண்டன. 1969-இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் பொறுப்பில் வந்த பழைய கட்டடங்கள் 19,000-க்கும் மேற்பட்டவை.

அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்ததே ‘பக்டி’. வாடகை சில ரூபாய்தான். ஆனால் அறைக்குள் நுழைய ஒரு பெருந்தொகையை இரசீது இன்றிக் கொடுத்தல் வேண்டும். குடியிருப்பவர் வெளியேறும்போது அடுத்து வருபவரிடம் அதைப் பெற்று, உரிமையாளருக்கும் பங்கு கொடுப்பார். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இது சட்டத்துக்குப் புறம்பான வழக்கமே. அத்தொகை இல்லாதவனுக்குச் சால் இல்லை. நடைபாதையோ சதுப்பு நிலமோதான்.

தாராவியும் தாளின் வலிமையும்

அவ்வாறு மக்கள் சென்ற சதுப்பு நிலங்களுள் ஒன்று தாராவி. மாகிம் கழிமுகத்தில் கோலி மீனவர்கள் வாழ்ந்த சிற்றூர் அது. நகருக்குள் வேண்டாம் என ஒதுக்கப்பட்ட தோல் பதனிடும் தொழில் அங்கு வந்தது. அத்தொழிலைத் தொடர்ந்து தமிழகத்து முஸ்லிம் வணிகரும் நெல்லைச் சீமையின் நம் மக்களும் வந்தனர். சௌராட்டிரக் குயவர்களும் அங்கே சூளை அமைத்தனர். குப்பையும் மண்ணும் கொட்டித் தாமே சேற்றைத் தூர்த்து, அதன்மேல் அவர்கள் குடிசை கட்டினர். அரசின் ஏட்டில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். உண்மையில் அந்நிலத்தை உண்டாக்கியவர்கள் அவர்களே.

அந்த ஏட்டின் வலிமையை 1976-ஆம் ஆண்டு காட்டியது. செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் தமிழர் உட்பட ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்தனர். முன்னர் வேறிடங்களிலிருந்து அகற்றி அங்கே குடியமர்த்தப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். நெருக்கடி நிலைக் காலத்தில் அக்காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப் என்னும் சதுப்புக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்காகப் போராடியவர், கோலார் தங்க வயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் அவர்கள். 1981-இல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசு முனைந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றது. ஆயினும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதை அது தடுக்கவில்லை.

1976-இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் படத்துடன் கூடிய அட்டைகளை வழங்கியிருந்தது. 1995-க்குப் பின் வந்த மறுவாழ்வுத் திட்டத்தில், குறித்த நாளுக்கு முன் குடியேறியதை மெய்ப்பிப்போர்க்கு 225 சதுர அடியில் விலையின்றி வீடு என்று விதிக்கப்பட்டது. என் மாமா அந்த அட்டையைத் தகரப் பெட்டியில் நெகிழித் தாளில் சுற்றிக் காத்து வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துச் சொன்னவள் எட்டாம் வகுப்பில் பயின்ற அவர் மகள். அவருக்கு வீடு கிடைத்தது. அதே ஆண்டில், அதே இரயிலில் அவருடன் வந்த அண்டை வீட்டுக்காரரின் அட்டை மழைவெள்ளத்தில் போயிற்று. மாற்று அட்டை கேட்டு எங்கே மனு எழுதுவது என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை. உழைப்பில் இருவரும் ஒன்று, தாளில் வேறு.

நிலம் இருந்தது

இடமில்லை என்னும் கூற்றை இறுதியாகப் பொய்யாக்கியவை ஆலை நிலங்கள். 1982 சனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் இறங்கினர். ஆலைகள் பல மீண்டும் திறக்கவேயில்லை. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் விடுபட்டது. அதனை மூன்றாகப் பகிர்ந்து, ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும் ஒரு பங்கை எளியோர் வீடுகளுக்கும் அளித்து, எஞ்சியதை உரிமையாளர் கொள்ளலாம் என 1991-ஆம் ஆண்டு விதி கூறியது. 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடமில்லாத வெற்று நிலத்தை மட்டுமே பகிர்ந்தால் போதும் என்றாகவே, பொதுமக்களுக்கான பங்கு சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆலைப் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் வணிக வளாகங்களும், ஆலைத் தொழிலாளியின் பேரனும் வாங்க இயலாத அடுக்குமாடிகளும் எழுந்தன.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுவதைக் கேளுங்கள். மும்பை மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பில் அதே நகரில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 4,80,000. 1920-களின் ஆளில்லா அறைகள் மீண்டும் வந்தன. இம்முறை அவை விலை ஏறட்டும் என்று காத்திருந்தன.

சதுப்பாய் இருந்த தாராவி இன்று இரு இரயில் பாதைகளின் நடுவே, பாந்திரா-குர்லா வணிக மையத்தின் எதிரே உள்ள பொன் விளையும் பூமி. 2022-இல் அதன் மறுகட்டமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000-ஆம் ஆண்டு தொடங்கும் முன் குடியேறிய தகுதியுடையோர்க்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்றும், பின்வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. மீண்டும் ஒரு நாள். மீண்டும் ஒரு தாள்.

நல்லதும் நிகழாமல் இல்லை. வொர்லியில் அந்த 160 சதுர அடி அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தோருள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 2025 ஆகஸ்டில் 500 சதுர அடி வீடுகளின் சாவியைப் பெற்றன. அரசு மனம் வைத்தால் இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

கடல் சூழ்ந்ததனால் மட்டும் பம்பாயின் வீட்டு விலை ஏறவில்லை. எதை இடிப்பது, எந்த வாடகையை நிறுத்துவது, ஆலை நிலத்தில் யாருக்கு எவ்வளவு, எந்த நாளுக்கு முன் வந்தவன் குடிமகன் என ஒவ்வொரு படியிலும் மனிதர் எழுதிய விதியே விலையாயிற்று. எழுதிய விதியைத் திருத்தி எழுதலாம். ஆனால் அதனைப் படிக்கத் தெரிந்தவரே திருத்தக் கேட்க முடியும்.

ஆகவே சென்னைக்கும் மும்பைக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் நம் இளைஞர்க்குச் சொல்வேன்: குடும்ப அட்டை, வாடகை இரசீது, வாக்காளர் அடையாள அட்டை முதலியவற்றை நகையினும் மேலாகக் காத்திடுக. கதவில் ஒட்டப்படும் அறிவிப்பை அன்றே படித்திடுக. படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்க. சட்டமும் நகரமைப்பும் பயின்று, விதி எழுதும் மேசைக்கே நம் பிள்ளைகள் செல்லுதல் வேண்டும்.

ஒற்றை அறையில் இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுப் படுத்த தந்தையின் நிலையில் இன்றும் நம் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்தம் பிள்ளைகள் இடையூறின்றிப் படிக்க ஓர் இடமும் ஒரு விளக்கும் அளிப்பதை நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருகிறது. அப்பணி மேலும் வளர்க.