பெருங்கணினியில் வலை வழங்கி: மொழிபெயர்ப்பின் ஸ்தானம் குறித்து ஒரு விசாரணை

வலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியில் தொடங்கி, அடுத்த அடியிலேயே யூனிக்ஸ் இயந்திரங்களுக்குத் தாவிவிடுவது வழக்கமாதலால், இடையே பெருங்கணினி ஒன்று நின்றிருந்த செய்தி பலருக்கும் தெரிவதில்லை. 1991 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் ஸ்லாக் என்னும் துகள்முடுக்கி நிலையத்தில் பால் குன்ஸ் என்ற பௌதிக அறிஞர் நிறுவியதும், ஐரோப்பாவுக்கு வெளியே முதலாவது எனப் பெயர்பெற்றதுமான வலை வழங்கி, ஐபிஎம் பெருங்கணினியில் விஎம் என்ற இயக்கமுறையின் மீதே ஓடிற்று. துகள் பௌதிகக் கட்டுரைகளின் ஸ்பைர்ஸ் என்னும் பட்டியல் அந்த இயந்திரத்தில் குடியிருந்தது. அதைப் பேணிய நூலகர் லூயிஸ் அடிஸ், உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளர் அதை எளிதில் எட்டவேண்டும் என்று விரும்பினார். ஜெனீவாவின் செர்ன் ஸ்தாபனத்திலும் வலையைப் பலர் முதன்முதல் நாடியது, பெருங்கணினியிலிருந்த தொலைபேசி எண்களைப் பார்ப்பதற்கே என்பது குறிப்பிடத்தக்கது. இவ்விரண்டிடத்தும் வழங்கி மிகச் சிறியது. பின்னிருந்த பொக்கிஷமே பெரியது.

இந்த ஆரம்ப உதாரணத்தை மறந்தவர்களே, பெருங்கணினிக்கு வழங்கி தேர்ந்தெடுக்கும்போது எது வேகமானது, எதில் வசதிகள் மிகுதி என்று பட்டியலிட்டு ஒப்பிடுகிறார்கள். பெருங்கணினிக்கும் வலைக்கும் பாஷை வேறு. ஆதலால் இடையில் மொழிபெயர்ப்பு ஒன்று நிகழ்ந்தே தீரும். அதை எவ்விடத்தில், யாருடைய அதிகாரத்தின்கீழ் நிகழ்த்துவது என்பதே தேர்வின் உண்மையான பொருள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 65 என்ற எண்ணைப் பெறும் ‘ஏ’ என்ற ஆங்கிலப் பேரெழுத்து, ஐபிஎம்மின் எப்சிடிக் முறையில் 193 என நிற்கிறது. 1998இல் வெளிவந்த அப்பாச்சி 1.3 என்ற வலை வழங்கி, சீமென்ஸ் நிறுவனத்தின் பிஎஸ்2000 பெருங்கணினிக்காகத் திருத்தப்பட்டு, எப்சிடிக் உலகில் காலடி வைத்த முதல் அப்பாச்சி ஆயிற்று. எழுத்தாவணம் என்று அறியப்பட்ட கோப்பை அனுப்பும் தறுவாயில் பெயர்த்துவிடுவது, படம் முதலியவற்றைத் தொடாமல் விடுவது, ஏற்கெனவே ஆஸ்கியில் இருப்பதைத் தனிக் குறியிட்டு விலக்குவது என்று அதன் ஆசிரியர்கள் செய்த ஏற்பாடு வெகு சாதுர்யமானது. ஆயினும் எப்சிடிக் ஒன்றல்ல, பல. இடப்புறச் சதுர அடைப்பு 037 என்ற குறியீட்டுப் பக்கத்தில் 186. ஐபிஎம் பெருங்கணினியின் யூனிக்ஸ் பகுதிக்கு வழக்கமான 1047 என்ற பக்கத்தில் 173. ஒன்றில் எழுதியதை மற்றதன் அட்டவணைகொண்டு பெயர்த்தால், ஆங்கில வாசகம் பழுதின்றி இருக்க, ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் மட்டும் குலைந்துபோகும். பிழை தேடுவோர் நெடுநேரம் வேறெங்கோ தேடுவார்கள். யூடிஎஃப்-8 முறையில் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் கொள்ளும் நம் தமிழ்ப் பக்கத்தை இத்தகைய ஒற்றைப் பைட் அட்டவணையின் வாயில் இட்டால், திரையில் தோன்றுவதைத் தமிழென்று எவரும் சொல்லார்.

எழுத்தைவிட நுட்பமானது ஆள் யார் என்ற பிரச்சினை. ஐபிஎம் பெருங்கணினியின் இயக்கமுறையான இசட்/ஓஎஸ்ஸில் எந்தக் கோப்பைத் தொடவும் ராக்ஃப் போன்ற பாதுகாவலனின் சம்மதம் வேண்டும். சாதாரண வழங்கியோ தன் பெயரிலேயே எல்லாவற்றையும் திறந்து, யாருக்குக் காட்டலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் சுபாவமுடையது. செர்ன் வழங்கியின் வழிவந்து, டாமினோ என்ற பெயரையும் தாங்கி வந்த ஐபிஎம்மின் பழைய வழங்கி, வந்தவர் யாரோ அவருடைய அடையாளத்திலேயே வேலையைச் செய்யும் வழியை அளித்தது. 2015இல் வெளிவந்த இசட்/ஓஎஸ் 2.2இலிருந்து அது விலகி அப்பாச்சி வழிவந்ததே நின்றபோதும், இந்த ஒரு குணத்தைக் கைவிடாமல் சேர்த்துக்கொண்டார்கள். யூனிக்ஸ் பழக்கமுள்ளவர்களுக்கு இது வீண் சிரமமாகப் படலாம். வங்கிக் கணக்கைக் காப்பவருக்கு அப்படிப் படாது.

எதிர்க்கட்சியின் ஆக்ஷேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2000ஆம் ஆண்டளவில் லினக்ஸ் ஐபிஎம் பெருங்கணினிக்கு வந்துவிட்டது. விஎம்மின்கீழ் ஒரே இயந்திரத்தில் 41,400 லினக்ஸ் பிரதிகளை எழுப்பிக் காட்டிய பரீட்சையும் நடந்தது. ஆஸ்கியிலேயே பேசும் லினக்ஸில் எந்த வழங்கியையும் திருத்தமின்றி ஓட்டலாமே, இசட்/ஓஎஸ்ஸுக்குள் ஏன் அவஸ்தைப்பட வேண்டும் என்கிறார்கள். மாறாத பக்கங்கள், படங்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது முற்றிலும் நியாயம். ஆனால் கணக்கின் இருப்பைக் கேட்டு வரும் கோரிக்கை லினக்ஸில் முடிவதில்லை. அது 1969 முதல் வழக்கிலிருக்கும் சிஐசிஎஸ் என்ற பரிவர்த்தனை மென்பொருளின் வாசலுக்கே வந்து சேர்கிறது. அங்கே பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைக்கப்பட்டு, கடைசி அரைப் பைட்டில் கூட்டல் கழித்தல் குறி தாங்கிய, கோபால் என்ற நிரல்மொழியின் எண்கள் காத்திருக்கின்றன. ஆகவே லினக்ஸைக் கொணர்ந்தோர் மொழிபெயர்ப்பை ஒழித்தாரில்லை. அதைச் சுவருக்கு அப்பால் தள்ளிவைத்தார்கள்.

அப்படித் தள்ளிவைத்தால் நேர்வது யாது? கோபால் நிரலின் பதிவமைப்பு காப்பிபுக் என்ற கோப்பில் வரையறுக்கப்படுகிறது. அதில் ஒரு புலத்தை இரண்டு இலக்கம் நீட்டியவர் பெருங்கணினிப் பகுதியில் இருக்க, அதைப் பிரித்துப் படிக்கும் ஜாவா நிரல் வேறொரு குழுவின் வசம் இருக்குமானால், மாறுதல் அங்கு எட்டுமுன் தவறான தொகை திரைக்கு எட்டிவிடும். சிஐசிஎஸ் தானே வலையின் கோரிக்கையை வாங்கி விடையளிக்கும் ஏற்பாடும், பின்னர் வந்த இசட்/ஓஎஸ் கனெக்ட்டும், அழகிலும் லாகவத்திலும் லினக்ஸ் வழங்கிகளுக்குப் பின்தங்கியவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கோரிக்கை தரவை எழுதவோ திருத்தவோ வருமாயின், காப்பிபுக் இருக்கும் வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளனையும் குடிவைப்பதே தகும். வெறுமே பார்த்துப் போக வருபவர்களுக்கு லினக்ஸின் திண்ணை போதும்.